இணையத்தை எண்ணப் போனவள்

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்திலும் சரி, அவள் படியேறி இறங்கிய வீடுகளிலும் சரி, எல்லோருக்கும் அவள் 'ரெண்டு நிமிஷம்'. கதவு திறந்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். "ரெண்டே நிமிஷம்மா, நாலே நாலு கேள்வி." உள்ளே போய் உட்கார்ந்தால் நாற்பது நிமிஷம் ஆகும். கேள்விகள் முப்பத்தெட்டு. இது பச்சைப் பொய் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் பாதியில் எழுந்து போகச் சொன்னவர்கள் கிடையாது. எழுந்து வரும்போது, "அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டவர்கள்தான் உண்டு.

புள்ளிவிவரத் துறையில் அவள் கள ஆய்வாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுபது வீடுகளின் பட்டியல் கையில் வரும். வீட்டில் போன் எத்தனை, கம்ப்யூட்டர் உண்டா, இணையம் உண்டா, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு, டேப்லெட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். அவளைப் போல நானூறு பேர் அனுப்புவதையெல்லாம் தலைமை அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கி, ஒரே ஒரு எண்ணாக வடிகட்டுவார்கள். இந்த நாட்டின் பொருளாதாரம் தொலைத்தொடர்பையும் டிஜிட்டல் வசதிகளையும் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் எண் அது. வருஷா வருஷம் மற்ற நாடுகளின் எண்களோடு வரிசைப்படுத்தப்படும். ஒரு படி ஏறினால் மேலதிகாரிகளுக்கு உச்சி குளிரும். ஒரு படி இறங்கினால் அந்த வாரம் அலுவலகத்தில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

இந்த வேலைக்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். தலையில் ஹெட்போன், எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் ஒயர். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது ஊரிலேயே அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. இயந்திரம் வந்து எக்ஸ்சேஞ்சை மூடியபோது அழுதவர்கள் பலர். அவள் அழவில்லை. இடமாற்றல் படிவத்தில் எந்தத் துறை என்று கேட்டிருந்த இடத்தில், 'ஜனங்களோடு பேசுகிற எந்த வேலையும்' என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் சிரித்துக்கொண்டே புள்ளிவிவரத் துறைக்குத் தள்ளிவிட்டார். அப்போது முப்பத்து மூன்று வயது. இந்தக் கதை நடந்தபோது ஐம்பத்தொன்று.

அந்த வருஷம் வந்த அறிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வீடுகளில் இணைய வசதி இருப்பதாகச் சொல்லியிருந்தது. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளும் ஒரு துண்டு தின்றாள், இன்னொரு துண்டைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கேக்கை வாயில் போட்டுக்கொண்டே, "அந்தத் தொண்ணூத்தி மூணுல உன் கையால போட்டது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டான்.

"ஒரு பொட்டு இருக்கும்."

"பொட்டுன்னாலும் நல்ல பொட்டு," என்றான்.

இரண்டு மாதம் கழித்து, நகராட்சி ஐந்து வார்டுகளில் இருந்த சேவை கவுண்டர்களை மூடியது. தொண்ணூற்று மூன்று சதவீத வீடுகளில் இணையம் இருக்கும்போது கவுண்டர் எதற்கு, எல்லாம் செயலியிலேயே முடித்துக்கொள்ளலாமே என்பது வாதம். அந்த வரியைப் பத்திரிகையில் படித்தபோது அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அது எத்தனை நியாயம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெரிந்தது. பட்டியல் வீட்டுக்குப் போகும் வழியில், மூடிய கவுண்டர் ஒன்றைக் கடந்தாள். ஷட்டரில் பெரிய அறிவிப்பு. அதன் கீழே கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்கிற படம். எதிரே ஏழெட்டுப் பேர் கையில் காகிதங்களோடு நின்று, அந்தப் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். தெருக்கோடியில் மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் தையல்காரி. சென்ற சுற்றில் பட்டியலில் இருந்தவள்.

"அக்கா, நீங்க ரெண்டு நிமிஷம்தானே?"

"ஆமாம்மா. என்ன இங்க நிக்கறீங்க?"

"கடை உரிமத்தைப் புதுப்பிக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வந்து பார்த்தா கவுண்டரே இல்ல. கேட்டா, வீட்டுக்கு வீடு இணையம் இருக்காம், அதுல பண்ணிக்கணுமாம்." தையல்காரி காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் உறையால் அவளைச் சுட்டினாள். "எங்க வீட்ல இருக்குன்னு எழுதிட்டுப் போனது நீங்கதானே?"

"நீங்கதானே இருக்குன்னு சொன்னீங்க?"

"இருக்கு. இல்லன்னு யார் சொன்னா? எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு. காலைல ஆறு மணிக்கு அது வேலைக்குப் போயிடும். ராத்திரி அவரோட திரும்பி வரும்போது எனக்குப் பாதித் தூக்கம்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷ வேலையில் யாரும் அவளை இப்படி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டதில்லை. கேட்ட கேள்வியிலும் தப்பு இல்லை.

"குடுங்க, நானே பண்ணித் தரேன்," என்று தன் கைப்பேசியை எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் வினை. செயலியைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. தன் எண்ணைப் போட்டாள்; வேறெங்கோ போய் ஏதோ விளம்பரப் படம் காட்டியது. பின்னால் வந்தாள். மறுபடியும் கடவுச்சொல். அவள் வீட்டில் மின் கட்டணம், தண்ணீர் வரி, ரயில் டிக்கெட் எல்லாம் கணவன்தான் கைப்பேசியில் தட்டுவான். அவள் பேசுவாள், செய்தி அனுப்புவாள், டேப்லெட்டில் முப்பத்தெட்டு கேள்விக்கு டிக் போடுவாள். ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை தன் கையால் அனுப்பியது ஒருநாளும் கிடையாது. காதோரம் சூடேறியது.

"இங்க குடுங்க மேடம்," என்று ஒரு குரல். கவுண்டருக்கு எதிரே தள்ளுவண்டியில் பழம் விற்பவர். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். கைப்பேசியை வாங்கினார். நாலு தட்டு தட்டினார். உரிமத்தைப் படம் எடுத்தார். தையல்காரியின் பொத்தான் போனுக்கு ஓர் எண் வந்தது. அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி உள்ளே போட்டார். ஆறு நிமிஷத்தில் 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். இவரும் போன வருஷம் பட்டியலில் இருந்தவர்தான். இணையம் உண்டா என்ற கேள்விக்கு, தயங்காமல் 'இல்லை' என்று சொன்னவர்.

"இணையமே இல்லன்னு சொன்னீங்களே அண்ணே!"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கறதுதானுங்களே? எங்கிட்ட கம்ப்யூட்டர் எங்க இருக்கு? இது போனு." விடியற்காலை மொத்த மார்க்கெட் குழுவில் விலை பார்ப்பதும், அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் குரல் செய்தியில் ஆர்டர் சொல்வதும், எந்தத் தெருவில் இன்று கூட்டம் என்று சக வண்டிக்காரர்கள் சொல்லிக்கொள்வதும் எல்லாம் அந்தப் போனில்தான் நடந்தன. "இது இல்லன்னா ஒருநாள்கூட வண்டி நகராது மேடம். கவுண்டரை மூடினதுல இங்க ஆள் வரத்து நின்னு போச்சு. போன் இருக்கறதாலதான் தாக்குப் பிடிக்கறேன்."

இருக்கிறது என்று எழுதிய வீட்டில் இல்லை. இல்லை என்று எழுதிய வீட்டில் வண்டியே அதில்தான் ஓடுகிறது. எழுதியது இரண்டையும் அவள்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம வீட்டுக்கு என்ன எழுதுவே?" என்றான்.

"இருக்குன்னு."

"எனக்கு இருக்கு. உனக்கு?"

"வாயை மூடுங்க," என்றாள். ஆனால் அவன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தத் தண்ணி வரியை எப்படிக் கட்டறதுன்னு காட்டுங்க. நீங்க தொடக்கூடாது. வாயால சொல்லுங்க, போதும்." மூன்று தடவை தப்பாகப் போட்டு நான்காவது தடவை கட்டி முடித்தாள். அவன் கைதட்டினான். அவள் தலையணையை எடுத்து அவன் மேல் வீசினாள்.

அடுத்த சுற்றுக்கான அறுபது வீடுகள் வந்தபோது, படிவத்தில் இருந்த முப்பத்தெட்டு கேள்விகளையும் முறைப்படி கேட்டாள். பிறகு டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அதில் அவளே எழுதிய மூன்று கேள்விகள். இந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யார் யார் கடந்த மூன்று மாதத்தில் இணையத்தைத் தொட்டார்கள்? யாருடைய உதவியும் இல்லாமல் செய்தது என்ன? செய்ய நினைத்து முடியாமல் போனது என்ன? 'இணையம்' என்ற சொல்லுக்கு ஜனங்கள் மிரண்டால், "போன்ல படம் பார்ப்பீங்களா? குரல் அனுப்புவீங்களா? விலை கேட்பீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

நாற்பது நிமிஷம் ஐம்பத்தைந்து ஆனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் கதையைக் கேட்க ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

நாற்பத்தோராவது வீட்டில் காது கேளாத கணவன் மனைவி. இருவரும் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய பழைய பதிவு பட்டியலோடு வந்திருந்தது: 'தொலைபேசி அழைப்புகள்: இல்லை. பயன்பாடு: இல்லை.' முன்பு வந்த ஆய்வாளர், அழைப்பு என்றால் பேச்சு என்று எண்ணிவிட்டுப் போயிருக்கிறார். அவள் தன் கேள்விகளை எழுதிக் காட்டினாள். அந்த அம்மாள் பதில் எழுதவில்லை. எழுந்து போய் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள். திரையில் நாலு முகங்கள் வந்தன. நாலும் வெவ்வேறு ஊர்கள். அந்த அம்மாளின் கைகள் காற்றில் பறக்க, நாலு பேர் கைகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, அவள் கணவர் இடையில் புகுந்து ஏதோ குறும்பாகச் சைகை காட்ட, ஆறு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சத்தமே இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் இப்படித்தானாம். எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள், ஒரே நேரத்தில் ஆறு பேர் இத்தனை பேசிக்கொண்டதை அன்றுதான் பார்த்தாள். நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக ஒரு பெரிய டிக் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அறுபது வீடுகள் முடிந்தன. ஐம்பத்தாறு வீடுகளில் இணையம் இருந்தது. அது பழைய கதைதான், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. ஆனால் அந்த அறுபது வீடுகளிலும் சேர்த்துப் பெரியவர்கள் நூற்று எழுபத்தொரு பேர். இணையத்தில் தாங்களே ஏதாவது ஒன்றைச் செய்தவர்கள் தொண்ணூற்றொன்பது பேர். வசதி உள்ள வீட்டில் வாழ்ந்துகொண்டே அதைத் தொடாதவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

நோட்டைத் தன் பிரிவு அதிகாரியின் மேஜையில் வைத்தாள். அவர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் ஒரு சுருக்கம் விழாமல் இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டுப் போக நினைத்தவர். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது? படிவத்துல இல்லாத கேள்வியைக் கேட்கக்கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார். டேப்லெட்டுல எதையும் மாத்தல. இது தனி."

"தனியோ கூட்டோ, விதி விதிதான். வேலியில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கறே? நான் இதைப் பார்க்கலன்னு வச்சுக்கறேன். நீயும் எழுதலன்னு வச்சுக்கோ."

"நீங்க பார்த்துட்டீங்க சார். நானும் எழுதிட்டேன்."

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பக்கத்து மேஜைக்காரி, "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு ஆள விடுங்கன்னு வந்துடுங்கக்கா," என்றாள். அவள் மன்னிப்பும் எழுதினாள். 'அனுமதி பெறாமல் கேட்டது என் தவறு' என்று ஒரு வரி. அதற்குப் பின்னால் மூன்று பக்கம், அறுபது வீடுகளில் கண்டதை வரிசையாக எழுதினாள். கடைசியில், 'இதே கேள்விகளை அனுமதியோடு கேட்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று முடித்தாள். மெமோவுக்கு விண்ணப்பம் பதிலாக வந்தது அந்த அலுவலகத்தில் அதுதான் முதல் தடவை.

அது மேலே போய், இன்னும் மேலே போய், இயக்குநரின் மேஜைக்கு வந்தது. இயக்குநர் ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம். அடுத்த வருஷத்துப் படிவத்தைத் திருத்தும் கூட்டத்துக்கு ரெண்டு நிமிஷத்தையும் வரச் சொன்னார். நீளமான மேஜை, பதினாலு நாற்காலி. கள ஆய்வாளர் ஒருத்தி அந்த அறைக்குள் உட்கார்ந்ததே கிடையாது. பிரிவு அதிகாரி அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கணக்கியல் பிரிவிலிருந்து வந்தவர் முதலில் பேசினார். "வீட்டை எண்ணினா தொண்ணூத்தி மூணு. ஆளை எண்ணினா அறுபதுக்கும் கீழ இறங்கிடும். ஒரே வருஷத்துல முப்பத்தஞ்சு புள்ளி சரிஞ்சா வெளியில என்ன பதில் சொல்றது?"

இயக்குநர் ரெண்டு நிமிஷத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள். "உட்கார்ந்தே சொல்லுங்க," என்றார் இயக்குநர். அவளுக்கு நின்றால்தான் பேச்சு வரும்.

"மேடம், நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. அங்க எங்ககிட்ட ரெண்டு நோட்டு இருக்கும். ஒண்ணுல ஊர்ல எத்தனை லைன்னு இருக்கும். இன்னொண்ணுல அன்னிக்கு எத்தனை கால் போச்சுன்னு இருக்கும். லைன் நோட்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் மாறும். கால் நோட்டு தினமும் மாறும். புயல் அடிச்ச அன்னிக்குக் காலையில லைன் நோட்டைப் பார்த்தா ஊர்ல ஒண்ணுமே நடக்கலன்னுதான் தெரியும். கால் நோட்டைப் பார்த்தாதான் எந்தத் தெரு தத்தளிக்குதுன்னு தெரியும். நாம இப்ப லைன் நோட்டை மட்டும் வச்சிருக்கோம். அதைக் காட்டி கவுண்டரை மூடிட்டாங்க."

கணக்கியல்காரர், "அது சரிம்மா, ஆனா எண் இறங்குமே?" என்றார்.

"சில இடத்துல இறங்கும் சார். சில இடத்துல ஏறும். பழவண்டிக்காரங்க, வீட்ல இருந்து வேலை எடுக்கறவங்க, காது கேக்காதவங்க, இவங்கள்லாம் நம்ம எண்ணுல இல்லவே இல்ல. ஏறினாலும் எறங்கினாலும் அது நடந்ததா இருக்கணும். கேக்கற கேள்வியைத் தப்பா வச்சுக்கிட்டு, நாட்டு ஜனங்க தப்பா பதில் சொல்றாங்கன்னா எப்படி?"

பிரிவு அதிகாரி மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பேனாவை மூடினார்.

"அறுபது வீடு போதாது," என்றார். "மாதிரி சரியில்ல, முறையும் சரியில்ல. அதனால முறையா செய்வோம். கவுண்டர் மூடின அஞ்சு வார்டு, அறுநூறு வீடு. ஒவ்வொரு வீட்லயும் யாரைக் கேட்கணும்னு டேப்லெட்டே குலுக்கல் போட்டுச் சொல்லும். அவங்களை மட்டும்தான் கேட்கணும். நீங்கதான் முன்ன நின்னு நடத்தறீங்க."

அந்தக் குலுக்கல்தான் பெரிய கூத்தாக முடிந்தது. டேப்லெட் மனைவியைத் தேர்ந்தெடுக்கும். கணவன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். "எங்கிட்டயே கேளுங்க. எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரிஞ்சிடப் போகுது?" ரெண்டு நிமிஷம் சண்டைக்குப் போகமாட்டாள். "சரிதான் சார், உங்களைத்தான் முதல்ல கேட்கணும். அந்த மோடம் பெட்டி எங்க இருக்கு, அதுக்குப் பின்னால ஒரு நீள எண் இருக்கும், கொஞ்சம் பார்த்து எழுதிட்டு வர்றீங்களா?" என்பாள். அவர் அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டு எண்ணைத் தேடி முடிப்பதற்குள், மனைவியிடம் பாதிப் படிவம் முடிந்திருக்கும்.

ஒரு வீட்டில் அப்படித் தேடிவிட்டு வந்தவர், மனைவி தன் கைப்பேசியில் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டே?" என்றார். அந்த அம்மாள் நிமிராமலேயே, "நீங்க கேட்கவே இல்லையே," என்றாள். மூக்கின் மேல் விரல் வைத்த அந்தக் கணவரையும் 'ரெண்டு நிமிஷம்' தன் மனசுக்குள் ஒரு கணக்காக எழுதிக்கொண்டாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்னொரு தெருவில் கதவைத் திறக்காமலே ஒருவர் ஜன்னல் வழியே, "வரி போடத்தானே வந்திருக்கீங்க?" என்று கத்தினார். மூன்று நாள் தொடர்ந்து போனாள். நான்காம் நாள் அவரே கதவைத் திறந்து, "உங்க பிடிவாதத்துக்காகத்தான் திறக்கறேன்," என்றார். தன் கைப்பேசி மூலம் ஏமாற்றுக்காரன் ஒருவனிடம் சிக்கியதிலிருந்து அவர் அதைத் தொடுவதே இல்லையாம். பயன்படுத்தத் தெரிந்தும் பயத்தால் விட்டவர்கள் என்று ஒரு வகை உண்டு என்பது அவருடைய வீட்டில்தான் தெரிந்தது. அன்றே இயக்குநருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுவாரம் படிவத்தில் அந்தக் கேள்வியும் ஏறியது, இந்தத் தடவை அனுமதியோடு.

அறுநூறு வீடுகளும் முடிய ஒன்பது வாரம் ஆனது. அவளுடைய செருப்பு இரண்டு தடவை அறுந்தது. முடிவு இப்படி வந்தது: வீடுகள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று, ஆட்கள் அறுபத்தொன்று, பெண்கள் மட்டும் என்றால் நாற்பத்தெட்டு. ஆனால் முன்பு 'இல்லை' என்று பதிவான சிறு வியாபாரிகளில் பாதிக்குப் பாதிப் பேர் தினமும் அதில்தான் தொழில் நடத்தினார்கள். இதுவரை எந்த அறிக்கையும் அவர்களைப் பார்த்ததில்லை.

இயக்குநர் எல்லா எண்களையும் ஒளிக்காமல் வெளியிட்டார். ஒரு பத்திரிகை 'சரிந்தது இணையப் பயன்பாடு' என்று கொட்டை எழுத்தில் போட்டது. அந்த வாரம் அலுவலகத்தில் போன் ஓயவில்லை. பிரிவு அதிகாரி நாலு நாள் தண்ணீர் குடித்தே வாழ்ந்தார். ஐந்தாம் நாள் வேறொரு பத்திரிகை, பழவண்டிக்காரரின் படத்தைப் போட்டு, 'எண்ணில் வராத வியாபாரம்' என்று முழுப் பக்கம் எழுதியது. அதை வெட்டித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டவர் பிரிவு அதிகாரிதான். யாராவது பார்த்தால், "நம்ம பிரிவுல எடுத்த கணக்கு," என்பார். மெமோ பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

நகராட்சிக் கூட்டத்தில் கவுண்டர் விஷயம் மறுபடி வந்தது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. இழுத்தடித்து, இரண்டு மாதம் கழித்து, ஐந்தில் மூன்று கவுண்டர்களைத் திறந்தார்கள். மற்ற இரண்டு வார்டுகளில் பயன்படுத்துகிறவர்கள் நிறைய இருந்ததால் திறக்கவில்லை. அது நியாயம்தான் என்று ரெண்டு நிமிஷமும் ஒப்புக்கொண்டாள். தன் எண் ஒரு பக்கம் சாதகமாக இருக்கும்போது மட்டும் அதை நம்புவது அவளுக்குப் பிடிக்காது.

திறந்த கவுண்டர்களில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். எழுத்தர் தானே விண்ணப்பத்தைப் போடமாட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, வந்தவர் கையாலேயே போட வைப்பார். தையல்காரி அங்கே உட்கார்ந்து தன் உரிமத்தின் முகவரியைத் திருத்திக்கொண்டு வந்தாள். அதோடு நிற்கவில்லை. தைத்த உடைகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கணவனிடம் ஒற்றைக் காலில் நின்று தனக்கென்று ஒரு தொடுதிரை போன் வாங்கிக்கொண்டாள். ரெண்டு நிமிஷத்துக்கு வந்த முதல் படம், பாதி விரல் மறைத்த ஒரு நீல ரவிக்கை. பின்னாலேயே குரல் செய்தி: "அக்கா, விரலை எப்படி வெளிய எடுக்கறது?"

அடுத்த வருஷப் படிவத்தில் ஆளை எண்ணும் கேள்விகள் நிரந்தரமாக வந்துவிட்டன. 'அழைப்பு' என்று இருந்த இடத்தில், குரலிலோ எழுத்திலோ சைகையிலோ என்று சேர்த்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு ஆய்வாளர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வகுப்பில் ஒருத்தி எழுந்து, "பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சா என்ன பண்றது?" என்று கேட்டாள். "முதல்ல நம்ம கேள்வியைத் திரும்பப் படி," என்றாள் அவள். "பத்துல எட்டுத் தடவை கோளாறு அதுலதான் இருக்கும்." பயிற்சி அதிகாரியாகவே இருந்துவிடலாம், வெயிலில் அலைய வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு மேல் அறைக்குள் உட்கார்ந்தால் தனக்குக் கால் மரத்துப்போகும் என்று சொல்லி, அறுபது வீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பட்டியலின் முதல் வீடு சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்தில் இருந்தது. நீலம் அடித்த கதவு, பக்கத்தில் இரண்டு வாளி, கொடியில் வேலைச் சீருடைகள். டேப்லெட் ஏற்கெனவே குலுக்கிச் சொல்லிவிட்டது: பெண், முப்பத்தாறு வயது. 'ரெண்டு நிமிஷம்' அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள். கைகளில் சோப்பு நுரையோடு ஒருத்தி திறந்தாள். டேப்லெட்டைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவர் வீட்ல இல்லீங்க. சாயந்தரம் வாங்க."

"பரவாயில்லம்மா," என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."